கம்பளி ஃபெல்ட் பொருள்களைக் கடல் தாண்டி விற்பது ஏன் இவ்வளவு சிக்கலானது?

கையால் செய்த கம்பளிப் பொம்மை, பந்துச் சரம், வீட்டுக்குள் அணியும் செருப்பு என்று இணையத்தில் விற்றுவந்த சிறு விற்பனையாளர்கள் பலர், 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கதவும் மூடியது. இந்திய அஞ்சல் துறையே அந்நாட்டுக்கான பார்சல்களை வாங்க மறுத்தது. இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வரி ஏறிவிட்டது.

அமெரிக்காவில் வரி ஏறியது உண்மை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பரில் இந்தப் பொருள்களுக்குச் சுங்க வரி ஏறவில்லை. அமெரிக்காவிலும் பலரை முடக்கியது வரி விகிதத்தைவிட, அந்த வரியை யார், எப்படி, எந்தத் தாளில் கட்டுவது என்ற நடைமுறைதான். இதைப் புரிந்துகொள்ள, ஃபெல்ட் எப்படி உருவாகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். ஏனென்றால் அந்தச் செய்முறையின் இயல்புதான் பின்னால் சட்டத்தோடு மோதுகிறது.

நூல் இல்லாத துணி

நெய்த துணிக்கும் பின்னிய துணிக்கும் நூல் வேண்டும். ஃபெல்ட்டுக்கு நூலே கிடையாது. ஆட்டு ரோமங்கள் ஒன்றோடொன்று சிக்கி, இறுகி, பிரிக்க முடியாத ஒரே பரப்பாகிவிடுவதே ஃபெல்ட்.

இதற்குக் காரணம் ரோமத்தின் மேல்தோலில் இருக்கும் நுண்ணிய செதில்கள். அவை எல்லாம் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் உரசும். ஆகவே ரோமத்தை அசைத்தால் அது அடிப்பக்கம் நோக்கி மட்டுமே நகரும். புல்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டுக் கையை ஆட்டினால் அது ஒரே திசையில் மேலேறுமே, அதே கணக்குத்தான். வெந்நீர் ரோமத்தை இளக்குகிறது. சோப்பின் காரத்தன்மை செதில்களைச் சற்று விரிக்கிறது. தேய்ப்பும் அழுத்தமும் ஆயிரக்கணக்கான ரோமங்களை ஒரே நேரத்தில் நகர வைக்கின்றன. போன வழியில் எதுவும் திரும்புவதில்லை. சலவை இயந்திரத்தில் சுருங்கிப்போன ஸ்வெட்டரை எந்த மந்திரத்தாலும் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாததும் இதனால்தான்.

வாங்குகிறவரும் புதிதாகச் செய்கிறவரும் குழம்பும் இரண்டு இடங்கள் உண்டு.

1. நம் ஊர் ஸ்டேஷனரிக் கடைகளில் பள்ளி வேலைக்காக விற்கும் வண்ண ‘ஃபெல்ட் ஷீட்’ பெரும்பாலும் பாலியஸ்டர். இயந்திர ஊசிகளால் குத்தி இறுக்கப்பட்டது. அதில் ஆட்டு ரோமம் கிடையாது.
2. ‘இயந்திரத்தில் துவைக்கலாம்’ என்ற குறிப்புடன் வரும் கம்பளி ஃபெல்ட் ஆகாது. குளோரின் கொண்டு பதப்படுத்தி, மேலே மெல்லிய பாலிமர் பூசி, செதில்களை வேலை செய்யாமல் ஆக்கியிருப்பார்கள். நாள் முழுதும் தேய்த்தாலும் பஞ்சாகவே கிடக்கும்.

கையில் நடப்பது என்ன?

கைவினையில் இரண்டு முறைகள் உள்ளன: ஈர முறை, ஊசி முறை.

ஈர முறையின் மிக எளிய பொருள் பந்து. கம்பளிக் கற்றையைச் சுருட்டி, சோப்பு கலந்த வெந்நீரில் நனைத்து, இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்ட வேண்டும். முதலில் அழுத்தமே கூடாது. கை பட்டும் படாமல் உருளும்போது மேலே மெல்லிய தோல் ஒன்று பிடிக்கும். அது பிடித்த பிறகே அழுத்தம் கொடுக்கலாம். அவசரப்பட்டு முதலிலேயே அழுத்தினால் பந்தில் மடிப்பு விழுந்துவிடும். அந்த மடிப்பு பிறகு எவ்வளவு உருட்டினாலும் மறையாது. இறுகியதும் அலசி, சற்று வினிகர் கலந்த நீரில் முக்கிக் காரத்தை முறித்து, உலர்த்துவார்கள்.

இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்தின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்ட விரிப்புக்கு இப்படிப்பட்ட பந்துகள் இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். ஒவ்வொன்றையும் உருட்டி, பிறகு ஊசிநூலால் ஒன்றோடொன்று கோக்க வேண்டும். விரிப்பின் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அதில் கம்பளியின் பங்கைவிடக் கைகளின் பங்கு அதிகம்.

செருப்பு இன்னும் நுட்பமானது. பாதத்தைவிடப் பெரிய தட்டையான வார்ப்பை வெட்டி, அதன் இருபுறமும் கம்பளியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பல அடுக்குகள் பரப்பி, நனைத்துத் தேய்ப்பார்கள். இறுகும்போது மூன்றில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்தால்தான் அளவு சரியாக வரும். பிறகு வார்ப்பை உருவிவிட்டுக் காலச்சில் ஏற்றி இறுக்குவார்கள். தையலே இல்லாத முழுச் செருப்பு கிடைக்கும்.

ஊசி முறையில் நீர் வேண்டாம். பக்கங்களில் நுண்ணிய முட்கள் வெட்டப்பட்ட நீண்ட ஊசியால் கம்பளியைத் திரும்பத் திரும்பக் குத்தினால், முட்கள் ரோமங்களை உள்ளே இழுத்துச் சிக்கவைக்கும். பூனை, ஆந்தை, யானை போன்ற உருவங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஆலை இயந்திரங்களுக்கென இருந்த ஊசி, கைவினைக்கு வந்தது 1980களில், அமெரிக்காவில். ஊசி மெலிந்தது, எளிதில் முறியும். முறிந்த முனை பொம்மைக்குள் தங்கிவிட்டால் அது குழந்தையின் கைக்குப் போகும். இதைப் பிறகு பார்ப்போம்.

ஃபெல்ட் உருவங்கள் நேற்று முளைத்தவையல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில் பசிரிக் என்ற இடத்துக் கல்லறைகளில், உள்ளே திணித்துச் செய்த ஃபெல்ட் அன்னங்கள் கிடைத்தன. வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். மண்ணுக்குள் உறைந்த பனி அவற்றைக் காப்பாற்றியிருந்தது.

எந்த ஆடு, எந்த ஊர்?

ரோமத்தின் பருமனை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெரினோ என்ற மென்கம்பளி ஆட்டின் ரோமம் 24 மைக்ரானுக்குள் இருக்கும். விரைவாக இறுகும், தோலில் உறுத்தாது. 27 மைக்ரானுக்கு மேற்பட்டவை முரடானவை. விரிப்பு, பந்து, உருவங்களின் உள்திணிப்பு ஆகியவற்றுக்கு அவையே போதும். ஊசி வேலைக்கு மிக மென்மையான மெரினோவைவிடச் சற்று முரட்டுக் கம்பளி கைக்கு அடங்கும் என்பார்கள், அது சரிதான்.

தமிழ்நாட்டு ஆடுகளில் மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், சென்னை சிவப்பு எல்லாம் இறைச்சிக்கானவை. அவற்றின் முடி ஃபெல்ட்டுக்குப் பயன்படாது. குரும்பை என்றும் சொல்லப்படும் கோயம்புத்தூர் ஆட்டுக்கு முரட்டுக் கம்பளி உண்டு. மெல்லிய கம்பளி என்றால் நீலகிரி ஆடும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் வளர்க்கும் பாரத் மெரினோவும்தான். அளவில் இவை மிகக் குறைவு. எனவே இங்கே வீட்டில் ஃபெல்ட் செய்கிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பளியையே வாங்குகிறார்கள்.

இந்தியாவில் ஃபெல்ட்டின் தாயகம் வடக்கே. காஷ்மீரிலும் ராஜஸ்தானின் டோங்க் நகரிலும் குஜராத்தின் கச்சிலும் ‘நம்தா’ என்ற பெயரில் விரிப்புகள் செய்கிறார்கள். காஷ்மீர் நம்தாவில் ஃபெல்ட்டின் மேல் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் பூவேலை இருக்கும். 1998க்கும் 2008க்கும் இடையில் அதன் ஏற்றுமதி ஏறத்தாழ முழுவதுமாக நின்றுபோனது. கம்பளித் தட்டுப்பாடும் ஆள் பற்றாக்குறையும் சந்தைக் குறைவும் காரணம் என்று மத்திய அரசே சொன்னது. பயிற்சித் திட்டம் ஒன்றுக்குப் பிறகு 2023 ஜூலையில் பிரிட்டனுக்கு ஒரு தொகுதி அனுப்பினார்கள். கிர்கிஸ்தானின் ஃபெல்ட் விரிப்புக் கலையை, அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் 2012இல் யுனெஸ்கோ சேர்த்தது.

ஆனால் உலகின் அன்பளிப்புக் கடைகளில் தொங்கும் ஃபெல்ட் பந்துச் சரமோ கிறிஸ்துமஸ் பொம்மையோ எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் விடை காட்மாண்டுப் பள்ளத்தாக்கு. அங்கே கம்பளித் தரைவிரிப்புத் தொழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. நியூசிலாந்துக் கம்பளியை இறக்குமதி செய்து, சாயம் தோய்த்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் பழக்கமும் ஆட்களும் இருந்தார்கள். ஃபெல்ட்டுக்கும் நியூசிலாந்துக் கம்பளியே வருகிறது. உருட்டுவதும் கோப்பதும் பெரும்பாலும் பெண்கள். பட்டறையில் செய்கிறவர்களும் உண்டு, வீட்டில் செய்து உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களும் உண்டு.

சுங்கத்தின் பார்வையில் இது என்ன பொருள்?

சிக்கலின் முதல் முடிச்சு இது. உலக நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டில் ‘ஃபெல்ட் கைவினை’ என்ற தலைப்பே கிடையாது. ஒரே பெண், ஒரே கம்பளியில், ஒரே நாளில் செய்த பொருள்கள் வேறு வேறு எண்ணிட்ட பெட்டிகளுக்குப் போகின்றன:

1. வெறும் ஃபெல்ட் துண்டு: 5602.
2. ஃபெல்ட் தரைவிரிப்பு: 5704.
3. தொப்பி: 65ஆம் அத்தியாயம்.
4. விளையாட்டுப் பொம்மை: 9503.
5. கிறிஸ்துமஸ் போன்ற பண்டிகை அலங்காரம்: 9505.
6. வேறெங்கும் பொருந்தாத துணிப்பொருள்: 6307.

செருப்பில் நடக்கும் வேடிக்கையைப் பாருங்கள். காலணிகளுக்கான 64ஆம் அத்தியாயத்தின் குறிப்பின்படி, தனியாக ஒட்டியோ தைத்தோ பொருத்திய அடிப்பாகம் இல்லாத துணிச்செருப்பு காலணியே அல்ல. மேலே சொன்ன தையலற்ற முழுச் செருப்பு, சட்டப்படி ஒரு துணிப்பொருள். அதே செருப்பின் அடியில் தோல் துண்டைத் தைத்தவுடன் அது காலணியாகி 6404க்குப் போகிறது. தோலுக்குப் பதில் இன்னொரு ஃபெல்ட் துண்டைத் தைத்தால் 6405. ஒவ்வொன்றுக்கும் வரி வேறு.

பெரிய ஏற்றுமதியாளர் இதற்கென ஒரு முகவரை வைத்திருப்பார். பத்து வகைப் பொருளைப் பத்துப் பத்தாகச் செய்கிற ஒருவர், பத்துத் தலைப்புகளையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். தவறாக எழுதினால் பார்சல் சுங்கத்தில் நிற்கும். இங்கே தண்டிக்கப்படுவது விதவிதமாகச் செய்யும் திறமைதான்.

குழந்தை கையில் போனால்?

இரண்டாவது முடிச்சு, பாதுகாப்புச் சட்டம். இதைக் கைவினைஞர்கள் அடிக்கடி சபிக்கிறார்கள். பாதி நேரம் சட்டத்தின் பக்கம்தான் நியாயம்.

அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பந்து 1.75 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 44 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தடை. காரணம் எளிது: உருண்டையான பொருள் மூச்சுக்குழாயைக் கச்சிதமாக அடைத்துக்கொள்ளும். நம் இரண்டு சென்டிமீட்டர் பந்து இந்த வரம்பில் பாதிகூட இல்லை. அதைச் சரமாகக் கோத்துத் தொட்டிலுக்கு மேலே தொங்கவிடச் சொல்லி விளம்பரம் செய்கிறவர்கள், ஒரு நூல் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

2008இல் வந்த அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம், 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பொருள்களுக்கு வெளிச் சோதனைக்கூடச் சான்றைக் கட்டாயமாக்கியது. கைவினைஞர்கள் போட்ட கூச்சலில் சில சலுகைகள் பிறகு வந்தன. கம்பளி உள்ளிட்ட இயற்கை இழைகளுக்கு, சாயமிட்டிருந்தாலும், ஈயச் சோதனை வேண்டாம். ஒரே பொருளில் ஆண்டுக்கு 7,500 உருப்படிக்கு மேல் செய்யாத, வருவாய் வரம்புக்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர்கள் பதிவு செய்துகொண்டால் வேறு சில சோதனைகளிலிருந்தும் விலக்கு உண்டு. ஆனால் விழுங்கத்தக்க சிறு பாகங்களுக்கான சோதனைக்கு விலக்கில்லை. பொம்மைக்கு ஒட்டும் கண்மணிதான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கென வடிவமைத்தது பொம்மைதான். அதற்கு, ஒன்றிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரை வேண்டும், இ.என். 71 என்ற ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரத்தின்படி சோதனை வேண்டும். ‘இது பொம்மையல்ல, அலங்காரப் பொருள்’ என்று அட்டையில் எழுதித் தப்பிக்க நினைப்பவர்கள் உண்டு. சிரிக்கும் முயல்குட்டியைச் செய்துவிட்டு அப்படி எழுதினால் அதிகாரி நம்ப மாட்டார். பொருளின் தோற்றத்தைத்தான் அவர் பார்ப்பார்.

சாயத்திலும் விதி உண்டு. உடைந்து புற்றுநோய்க் காரணிகளாக மாறக்கூடிய அசோ சாயங்களை 1990களில் ஜெர்மனி தடை செய்தபோது திருப்பூரும் கரூரும் பட்ட பாட்டை அந்த ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐரோப்பாவில் இன்று அந்த வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். காட்மாண்டு ஏற்றுமதியாளர்கள் ‘அசோ இல்லாத சாயம்’ என்று முதல் வரியிலேயே எழுதுவது இதனால்தான்.

இவையெல்லாம் பழைய விதிகள். புதிதாக வந்தது, 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை. பொம்மையோ சுவர் அலங்காரமோ, உணவல்லாத நுகர்பொருள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கையால் செய்தது என்பதற்காக விலக்கு இல்லை. இது கேட்பவை நான்கு:

1. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முகவரியுள்ள ஒரு பொறுப்பாளர்.
2. பொருளில் அல்லது பொதியில் செய்தவரின் பெயர், அஞ்சல் முகவரி, மின்னஞ்சல் முகவரி.
3. பொருளை அடையாளம் காட்டும் எண் அல்லது குறி.
4. என்ன ஆபத்து நேரக்கூடும் என்று ஆராய்ந்து எழுதி வைத்த கோப்பு.

கடைசி மூன்றும் ஒருவர் உட்கார்ந்து எழுதிவிடக்கூடியவை. முதலாவதுதான் சுவர். பெர்லினிலோ லிஸ்பனிலோ நமக்காகப் பொறுப்பேற்கும் ஆளைக் கட்டணம் கொடுத்து அமர்த்த வேண்டும். ஆண்டுக்கு ஐந்து பார்சல் அனுப்புகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. 2024 டிசம்பரில் சிறு விற்பனையாளர்கள் அனுப்பும் நாடுகளின் பட்டியலிலிருந்து ஐரோப்பா காணாமல் போனதன் காரணம் இது.

சின்னப் பார்சலின் காலம் முடிந்தது

மூன்றாவது முடிச்சு, அஞ்சல். அமெரிக்காவுக்குள் 800 டாலருக்குட்பட்ட பார்சல்கள் சுங்க வரியின்றி, பெரிய தாள் வேலையின்றி நுழைந்துகொண்டிருந்தன. உலகெங்கும் கைவினை இணைய வணிகம் தழைத்ததற்கு இந்தச் சலுகை ஒரு முக்கியக் காரணம். சீனாவுக்கு 2025 மே மாதமும், மற்ற எல்லா நாடுகளுக்கும் 2025 ஆகஸ்ட் 29 அன்றும் இது நிறுத்தப்பட்டது.

அஞ்சலில் வரும் பொருளுக்கு முதல் ஆறு மாதங்களுக்கு இரண்டு வழிகள் தரப்பட்டன. ஒன்று, நாட்டுக்குரிய விகிதத்தில் மதிப்பின் மேல் வரி. மற்றொன்று, உருப்படிக்கு 80, 160 அல்லது 200 டாலர் என்ற நிலையான தொகை. அப்போது நேபாளத்துக்கு 10 விழுக்காடு, இந்தியாவுக்கு 50. இருபது டாலர் பந்துச் சரத்துக்கு எண்பது டாலர் வரி கட்ட யாரும் முன்வர மாட்டார்கள் என்பதால் இரண்டாவது வழி கைவினைக்குப் பேருக்குத்தான். விகிதங்கள் அதற்குப் பிறகு மாறின, இன்னும் மாறலாம். நடைமுறை நிலைத்துவிட்டது: வரியை முன்கூட்டியே வசூலித்து அமெரிக்க அரசிடம் சேர்ப்பிக்க, தகுதி பெற்ற ஓர் இடைநிலையாளர் வேண்டும். பல அஞ்சல் துறைகளிடம் அப்போது அந்த ஏற்பாடு இருக்கவில்லை. 88 அஞ்சல் நிர்வாகங்கள் சேவையை நிறுத்தின என்றும், அமெரிக்காவுக்கான அஞ்சல் 80 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது என்றும் உலக அஞ்சல் ஒன்றியம் சொன்னது. இந்திய அஞ்சல் துறை 2025 அக்டோபர் 15 அன்றுதான் சேவையை மீண்டும் தொடங்கியது.

ஐரோப்பாவும் அதே பாதையில்தான் போகிறது. 150 யூரோவுக்குட்பட்ட பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கின் இடத்தில், 2026 ஜூலை 1 முதல் 3 யூரோ நிலையான வரி என்று 2025 டிசம்பரில் ஒன்றிய நாடுகள் முடிவெடுத்தன. பார்சலுக்கு மூன்று யூரோ என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சுங்கத் தலைப்புக்கும் மூன்று. ஒரு பொம்மை, ஒரு செருப்பு, ஒரு பண்டிகைச் சரம் என்று அனுப்பினால் ஒன்பது. ஒரே மாதிரிச் சரம் பத்து அனுப்பினால் மூன்றுதான்.

சுமை யார் தலையில்?

இப்போது மூன்று முடிச்சுகளையும் சேர்த்துப் பார்த்தால் பொதுவான ஒரு தன்மை தெரியும். இந்தச் செலவுகள் எதுவும் விற்ற அளவுக்கு ஏற்பக் கூடிக் குறைவதில்லை. சோதனைக் கட்டணம் வடிவத்துக்கு ஒன்று. பொறுப்பாளர் கட்டணம் ஆண்டுக்கு ஒன்று. நிலையான வரி தலைப்புக்கு ஒன்று.

கணக்குக்காக ஒரு வடிவத்தைச் சோதிக்க 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆந்தையைப் பத்தாயிரம் செய்கிற ஆலைக்கு உருப்படிக்கு இரண்டு ரூபாய். நாற்பது செய்கிறவருக்கு உருப்படிக்கு ஐந்நூறு ரூபாய். பத்து விழுக்காடு வரி இருவரையும் ஒரே விகிதத்தில் பாதிக்கும். சோதனைக் கட்டணம் ஒருவரைத் தொடாது, மற்றவரைத் தூக்கி எறியும். கைவினையின் கவர்ச்சியே ஒன்று போல் இன்னொன்று இல்லை என்பதுதான். அதுவே இங்கு மிகவும் விலை உயர்ந்த குணமாகிவிட்டது.

விளைவுகள் காட்மாண்டுவில் ஒரே சீராக இல்லை. ஜெர்மானிய இறக்குமதியாளருக்கு மொத்தமாக அனுப்பும் நிறுவனத்துக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. இறக்குமதியாளரே சட்டப்படி பொறுப்பாளர், சோதனையும் அவர் கையில். இணையத்தில் நேரடியாக ஒன்றிரண்டாக விற்றவர்தான் வழியிழந்து நிற்கிறார். இடைத்தரகரை ஒழிக்கும் என்று இணையத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது. அவரைச் சட்டம் பின்வாசல் வழியாகத் திரும்ப அழைத்துவந்திருக்கிறது. அவர் வந்தால் வடிவம் குறையும், எண்ணிக்கை கூடும், உருட்டுகிறவரின் கூலி பேரத்துக்குள் போகும்.

நேபாளத்துக்கு இன்னொரு நாளும் நெருங்குகிறது. ஐ.நா. பொதுச்சபையின் 2021ஆம் ஆண்டு முடிவின்படி, 2026 நவம்பர் 24 அன்று அது மிகக் குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும். அந்தத் தகுதியால்தான் ஐரோப்பாவில் அதன் பொருள்களுக்குச் சுங்க வரி இல்லை. வெளியேறிய பிறகும் மூன்று ஆண்டுகள் சலுகை தொடரும். அதன்பின் வரி வரலாம். மொத்த வணிகருக்கு அது வலிக்கும். சிறு விற்பனையாளரின் பிரச்சினை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இங்கிருந்து விற்க நினைப்பவருக்கு

உள்நாட்டில் நிலைமை இலகுவானது. பொம்மைகளுக்கு இந்தியத் தர முத்திரையைக் கட்டாயமாக்கிய 2020ஆம் ஆண்டு ஆணை, மத்திய கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு அளிக்கிறது. கைவினைஞர் அடையாள அட்டை அங்கேதான் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் கைவினைப் பொருள்கள் பலவற்றுக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும் குறைந்தது.

வெளிநாட்டு ஆணை வந்தால், கம்பளியைத் தொடும் முன்பே வரிசையாகப் பார்க்க வேண்டியவை:

1. இது குழந்தைக்கானதா? ஆம் என்றால் அந்த நாட்டின் பொம்மை விதி முழுவதும் பொருந்தும். கண்களை ஒட்டாமல் கம்பளியிலேயே குத்தி அமைப்பது, பந்தின் அளவைப் பெரிதாக்குவது போன்ற முடிவுகளை வடிவமைக்கும்போதே எடுக்க வேண்டும்.
2. எந்தச் சுங்கத் தலைப்பு? ஒரே தலைப்புக்குள் வரும் பொருள்களை ஒரே பார்சலில் சேர்ப்பது செலவைக் குறைக்கும்.
3. ஐரோப்பா என்றால் பொறுப்பாளர் யார்? வாங்குகிறவர் அங்குள்ள கடைக்காரராக இருந்து, தானே இறக்குமதி செய்து விற்றால், அந்தக் கடமை அவருடையது. தனி வாடிக்கையாளர் என்றால் நம்முடையது.
4. அமெரிக்கா என்றால் வரியை யார் கட்டுகிறார்? முன்கூட்டிக் கட்டாமல் கூரியரில் அனுப்பினால், வாசலில் வந்து நிற்பவர் வாடிக்கையாளரிடம் வரியோடு கையாளும் கட்டணத்தையும் கேட்பார். பலர் பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்புவது அந்த இடத்தில்தான்.
5. ஊசி எண்ணிக்கை சரியா? உருவத்தைக் கட்டி முடிக்கும் முன், கையிலுள்ள ஒவ்வோர் ஊசியும் முனையோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றின் முனை காணவில்லை, காந்தத்துக்கும் அகப்படவில்லை என்றால், அந்த உருவத்தை விற்பனைக்கு வைக்கக் கூடாது.